நிற்பதையும் நிகழ்வதாகப் பார்ப்பது எப்படி? ப்ராசஸ் தத்துவத்தைக் கையில் எடுத்துப் பழக ஒரு வழிகாட்டி

ப்ராசஸ் தத்துவம் என்றால் "எல்லாம் மாறிக்கொண்டே இருக்கிறது" என்று சொல்வதுதானே, அதில் கற்றுக்கொள்ள என்ன இருக்கிறது என்று கேட்பவர்கள் நிறைய. அந்த ஒரு வரியோடு நின்றுவிட்டால் ஒன்றுமே இல்லைதான். மாறுகிறது என்பது எல்லோருக்கும் தெரிந்த சேதி. இந்தத் தத்துவம் கேட்கிற கேள்வி வேறு: இவ்வளவும் ஓடிக்கொண்டிருக்கும்போது சில மட்டும் எப்படி அப்படியே நிற்கின்றன? ஒரு மலை, ஓர் உடல், ஒரு மொழி, ஒரு நட்பு இதெல்லாம் நிற்பதற்கு உள்ளே என்ன வேலை நடந்துகொண்டிருக்கிறது? வழக்கமாக நாம் மாற்றத்துக்குத்தான் காரணம் தேடுவோம், நிலைத்திருப்பதை இயல்பு என்று விட்டுவிடுவோம். அதைத் திருப்பிப் போட்டு, நிலைத்திருப்பதற்குக் காரணம் தேடப் பழக வேண்டும். படித்தால் மட்டும் இது வராது, செய்து பார்க்க வேண்டும். அதனால்தான் இதை வழிகாட்டியாக எழுதுகிறேன்.

பெயர் பற்றி ஒரு வார்த்தை. தமிழில் "செயல்முறைத் தத்துவம்" என்று எழுதுவதுண்டு. செயல்முறை என்றதும் படிப்படியான விதிகள்தான் மனதில் வருகின்றன, இங்கே பேசுவது அதை இல்லை. ஓயாமல் நிகழ்ந்துகொண்டிருப்பதைத்தான் இங்கே ப்ராசஸ் என்கிறோம், அதனால் ப்ராசஸ் தத்துவம் என்றே சொல்கிறேன்.

முதலில் ஒரு சுடர்

காற்றில்லாத அறையில் ஒரு மெழுகுவர்த்தியை ஏற்றி வைத்துப் பத்து நிமிடம் பாருங்கள். போனைத் தள்ளி வைத்துவிடுங்கள்.

சுடருக்கு ஒரு வடிவம் இருக்கிறது. திரியை ஒட்டிக் கொஞ்சம் இருட்டு, அடியில் மெல்லிய நீலம், மேலே மஞ்சள், நுனியில் கூர்மை. பத்து நிமிடமும் ஏறக்குறைய அதே வடிவம்தான். ஆனால் அந்த வடிவத்துக்குள் எதுவும் தங்குவதில்லை. மெழுகு உருகித் திரி வழியாக ஏறுகிறது, ஆவியாகிறது, எரிகிறது, எரியும் வழியில் பிறக்கும் நுண்ணிய கரித்துகள்கள் சூட்டில் ஒளிர்ந்து மஞ்சள் நிறம் தருகின்றன, சூடான வாயு மேலே போகிறது, அது போன இடத்துக்குக் கீழிருந்து புதுக் காற்று வருகிறது, அந்தக் காற்றுதான் அடுத்த மெழுகை எரிக்கிறது. உள்ளே வந்தது எல்லாம் ஒரு கணத்தில் வெளியே போய்விடுகிறது. இருந்தும் "இதோ சுடர்" என்று கை காட்ட முடிகிறது, உயரத்தை அளக்க முடிகிறது, படம் வரைய முடிகிறது.

இப்போது பக்கத்தில் ஒரு கல்லை வையுங்கள். கல்லும் நிற்கிறது, சுடரும் நிற்கிறது. கல் நிற்பதற்கு யாரும் எதுவும் செய்ய வேண்டாம் என்று தோன்றுகிறது, சுடருக்கோ ஓயாத வரவும் செலவும் வேண்டும். ஐரோப்பியத் தத்துவத்தின் பெரும்பகுதி கல்லைத்தான் மாதிரியாக எடுத்துக்கொண்டது: முதலில் ஒரு பொருள் இருக்கும், பிறகு அதற்குக் குணங்கள் இருக்கும், அப்புறம் அதற்கு ஏதாவது நடக்கும். ப்ராசஸ் தத்துவவாதிகள் சுடரை மாதிரியாக எடுத்துக்கொள்கிறார்கள். கல்லும்கூட மெதுவாக நடக்கிற ஒரு சுடர் மாதிரிதான் என்பது அவர்கள் வாதம். அதை இப்போதே ஒப்புக்கொள்ள வேண்டாம், வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த உதாரணம் மிகப் பழையது. மிலிந்த மன்னரும் நாகசேனர் என்ற பௌத்தத் துறவியும் பேசுவதாக வரும் உரையாடலில், இரவு முழுக்க எரியும் விளக்கில் முதல் சாமத்துச் சுடரும் கடைசிச் சாமத்துச் சுடரும் ஒன்றா என்று கேட்கிறார் துறவி. ஒன்று என்றும் சொல்ல முடியவில்லை, வேறு என்றும் சொல்ல முடியவில்லை. கிரேக்கத்தில் கி.மு. 500 வாக்கில் வாழ்ந்த ஹெராக்ளிடஸ் ஆற்றை எடுத்துக்கொண்டார். "ஒரே ஆற்றில் இரண்டு முறை இறங்க முடியாது" என்பதுதான் அவர் பெயரில் எல்லோரும் சொல்வது. அவருடைய சொந்த வாக்கியத்துக்கு மிக நெருக்கமானது என்று அறிஞர்கள் கருதும் துணுக்கு கொஞ்சம் வேறு: அதே ஆறுகளில் இறங்குகிறவர்கள் மேல் வேறு வேறு நீர் பாய்கிறது என்கிறது அது. "அதே ஆறு" என்ற சொல் அதில் இருப்பதைக் கவனியுங்கள். நீர் மாறிக்கொண்டே இருப்பதால்தான் அது ஆறு, மாறுவது நின்றால் குட்டை. மாற்றமும் நிலைப்பும் எதிரிகள் என்ற எண்ணத்தை இந்த ஒரு உதாரணமே தளர்த்திவிடும்.

பெயரை வினையாக்கிப் பாருங்கள்

இது தமிழில் செய்ய வசதியான பயிற்சி, எனக்கு மிகவும் பிடித்ததும் இதுதான். "மின்னல் மின்னுகிறது" என்கிறோம். மின்னுவதைத் தவிர்த்து மின்னல் என்று தனியாக ஏதாவது இருக்கிறதா? "காற்று வீசுகிறது" என்கிறோம், வீசாமல் சும்மா உட்கார்ந்திருக்கிற காற்று வெறும் வளி, அது வேறு விஷயம். "மழை பெய்கிறது" என்பதிலும் பெய்வதுதான் மழை. செய்கிறவர் ஒருவர், செய்கை ஒன்று என்று வாக்கியம் இரண்டாகப் பிரித்துக் காட்டுகிறது, நடப்பதோ ஒன்றுதான்.

நம் இலக்கணம் பெயர்ச்சொல் காலம் காட்டாது, வினைச்சொல் காலம் காட்டும் என்று பள்ளியிலேயே சொல்லித் தந்துவிடுகிறது. அப்படியானால் உலகத்தைப் பெயர்ச்சொற்களாக மட்டும் பார்க்கிறவருக்குக் காலம் கண்ணில் படாமல் போவதில் ஆச்சரியம் இல்லை. ஆனால் தமிழில் நடுவே ஒரு வகை இருக்கிறது, வினையாலணையும் பெயர். வந்தவர், வருகிறவர், வருபவர். பெயர் போல வேற்றுமை உருபு ஏற்கும், வினை போலக் காலமும் காட்டும். ப்ராசஸ் தத்துவத்துக்குத் தோதான சொல்வகை என்று ஒன்றைத் தேடினால் இதைவிட நல்லது கிடைக்குமா தெரியவில்லை.

பயிற்சி இதுதான். ஒரு தாளில் கண்ணில் படும் பத்துப் பெயர்ச்சொற்களை எழுதி, ஒவ்வொன்றையும் காலம் காட்டும் ஒரு பெயராக மாற்றுங்கள். மரம் என்பதற்குப் பதிலாக "வெளிச்சத்தையும் நீரையும் மரக்கட்டையாக ஆக்கிக்கொண்டிருப்பது". அலை என்பதற்கு "நீர் வழியாகக் கடந்துபோய்க்கொண்டிருப்பது". கோபம் என்பதற்கு "என்னுள் மூண்டுகொண்டிருப்பது". சில சொற்களுக்கு இது சுலபமாக வரும், சிலவற்றுக்கு அடம்பிடிக்கும். நாற்காலி, எண் ஏழு, தங்கம் எல்லாம் அடம்பிடிக்கும். அவற்றைத் தனியாகக் குறித்து வையுங்கள், இந்தத் தத்துவத்தின் எல்லை எங்கே இருக்கிறது என்று பிற்பாடு யோசிக்க அவைதான் உதவும். எல்லாவற்றையும் வலுக்கட்டாயமாக வினையாக்கிவிட்டால் பயிற்சியால் பயனில்லை.

"இது நிற்க என்ன வேலை நடக்கிறது?"

இந்தக் கேள்வியை முதலில் உங்கள் உடம்பிடமே கேளுங்கள். 1930களில் ருடால்ஃப் ஷோன்ஹைமர் என்ற உயிர்வேதியியலாளர், கனமான ஐசோடோப்புகளால் (அதே தனிமத்தின் சற்றே எடை கூடிய அணுக்களால்) அடையாளம் இட்ட உணவுப் பொருள்களை எலிகளுக்குக் கொடுத்தார். உடல் என்பது எஞ்சின், உணவு என்பது எரிபொருள், எரிந்தது போக எஞ்சின் அப்படியே இருக்கும் என்பதுதான் அன்றைய பொது எண்ணம். எலியின் எடை மாறவில்லை, ஆனால் அடையாளமிட்ட அணுக்கள் அதன் திசுப் புரதங்களுக்குள்ளேயே போய் உட்கார்ந்திருந்தன. அதாவது எஞ்சினும் எரிபொருளோடு சேர்ந்து மாறிக்கொண்டிருக்கிறது.

இன்றைக்குத் தெரிந்த கணக்கு இன்னும் வியப்பானது. ரத்தத்தின் சிவப்பணு ஒன்று சுமார் 120 நாள் வாழ்கிறது, அந்த இழப்பை ஈடுகட்ட உடல் ஒவ்வொரு நொடியும் 20 லட்சத்துக்கு மேல் புதிய சிவப்பணுக்களை உண்டாக்குகிறது. குடலின் உள்பூச்சு சில நாட்களுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படுகிறது. அசையாத சட்டகம் என்று நாம் நினைக்கும் எலும்புக்கூட்டிலேயே, வளர்ந்தவர்களுக்கு ஆண்டுக்குப் பத்தில் ஒரு பங்கு அளவு கரைக்கப்பட்டு மறுபடி கட்டப்படுகிறது.

ஆனால் இங்கே ஒரு எச்சரிக்கை. "ஏழு ஆண்டுக்கு ஒருமுறை உடம்பின் எல்லா செல்களும் மாறிவிடும்" என்று சொல்வது தவறு. மூளைப் புறணியின் நரம்பணுக்களில் பெரும்பாலானவை பிறவியிலிருந்து கடைசி வரை அதேதான், கண் வில்லையின் மையத்தில் இருக்கும் புரதங்களும் பல்லின் எனாமலும் அப்படியே. ப்ராசஸ் தத்துவத்துக்கு எல்லாமே மாறியாக வேண்டும் என்ற அவசியம் இல்லை. வேகங்கள் வேறு வேறு, அவ்வளவுதான். வேகமாக மாறுவதும் மெதுவாக மாறுவதும் ஒன்றையொன்று தாங்கிக்கொள்ளும் விதத்தில்தான் உடல் என்ற நிலைப்பே இருக்கிறது.

உயிரில்லாதவற்றிலும் இதைக் காணலாம். மெல்லிய படலமாக ஊற்றிய எண்ணெயைக் கீழிருந்து சீராகச் சூடாக்கினால், ஒரு கட்டத்தில் மேற்பரப்பில் தேன்கூடு போல அறுகோண அறைகள் தோன்றும். 1900-இல் ஆன்ரி பெனார் இதை ஆராய்ந்தார். யாரும் அச்சு வைக்கவில்லை, வெப்பம் கடந்துபோகும் போக்கிலேயே அந்த ஒழுங்கு வருகிறது, அடுப்பை அணைத்தால் போய்விடுகிறது. இல்யா ப்ரிகோஜின் இப்படிப்பட்ட அமைப்புகளுக்குக் கோட்பாடு கண்டு 1977-இல் வேதியியல் நோபல் பெற்றார். ஆற்றல் ஓடிக்கொண்டிருக்கும் வரை மட்டுமே நிற்கும் ஒழுங்கு. சுடரும் சுழலும் புயலும் உயிருள்ள செல்லும் இந்தக் குடும்பம்தான்.

கடிகாரத்தை மாற்றுங்கள்

கல்லுக்கு வருவோம். இந்தத் தத்துவத்தின் முக்கியச் சிந்தனையாளரான ஆங்கிலேயர் வைட்ஹெட் 1920-இல் வெளியிட்ட இயற்கை பற்றிய நூலில், லண்டனில் தேம்ஸ் கரையில் நிற்கும் கிளியோபாட்ராவின் ஊசி என்ற கல்தூணை எடுத்துக்கொள்கிறார். அது அங்கே இருக்கிறது என்பதே ஒரு நிகழ்ச்சி என்கிறார். ஒரு விபத்து நடந்தது என்றால் நிகழ்ச்சி என்று உடனே ஒப்புக்கொள்கிறோம், தூண் நிற்பது என்றால் தயங்குகிறோம். ஆனால் போதுமான அளவு நுணுக்கமாகப் பார்க்கிறவருக்கு அது ஒவ்வொரு நாளும் கொஞ்சம் மூலக்கூறுகளை இழந்து கொஞ்சம் பெற்றுக்கொண்டிருப்பது, அழுக்காவது, கழுவப்படுவது. நம் கடிகாரம் சின்னது என்பதால்தான் அது பொருளாகத் தெரிகிறது.

எனவே எதைப் பார்த்தாலும் மூன்று கடிகாரங்களில் எழுதிப் பாருங்கள்: ஒரு நொடி, ஒரு வாழ்நாள், பத்து லட்சம் ஆண்டு. கண்டத் தட்டுகள் ஏறக்குறைய நகம் வளரும் வேகத்தில், ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர் நகர்கின்றன. வாழ்நாள் கடிகாரத்தில் மலை ஒரு பொருள், பத்து லட்சம் ஆண்டுக் கடிகாரத்தில் அது எழுந்துகொண்டும் தேய்ந்துகொண்டும் இருக்கிற ஒரு மடிப்பு. மறுபக்கம், நொடியைவிடச் சின்னக் கடிகாரத்துக்குப் போனால் புரோட்டான் வருகிறது. அதன் உள்ளே இருக்கும் குவார்க்குகளின் சொந்த நிறையைக் கூட்டினால் புரோட்டானின் நிறையில் சுமார் 1 சதவீதம்தான் தேறும். மீதி எல்லாம் அவற்றின் இயக்கத்திலும் அவற்றைக் கட்டி வைக்கும் புலத்திலும் இருக்கிற ஆற்றல். கல்லைக் கையில் தூக்கும்போது நாம் உணர்கிற கனத்தில் பெரும்பகுதி, நடந்துகொண்டிருப்பதன் கனம். இதை முதன்முதலில் படித்த நாளில் கையில் இருந்ததைக் கீழே வைக்கவே மனம் வரவில்லை.

ஒன்று மட்டும்: பழைய தேவாலயச் சன்னல்களின் கண்ணாடி அடிப்பக்கம் தடித்திருப்பது, கண்ணாடி நூற்றாண்டுக் கணக்கில் வழிந்ததால்தான் என்ற கதையை உதாரணமாகச் சொல்லிவிடாதீர்கள். அந்தக் காலத்தில் தட்டு செய்த விதத்தால் தடிமன் சமமாக வரவில்லை, அவ்வளவுதான். நல்ல கருத்துக்குப் பொய்யான சாட்சி வேண்டாம்.

எதோடு சேர்ந்து?

பாறையிலும் மரப்பட்டையிலும் படரும் லைக்கன் ஒரு செடி என்றுதான் வெகுகாலம் நினைத்தார்கள். 1860களில் சைமன் ஷ்வெண்டனர், அது ஒரு பூஞ்சையும் பாசியும் சேர்ந்து வாழ்வது என்று சொன்னபோது லைக்கன் அறிஞர்கள் பலர் கோபப்பட்டார்கள். ஓர் உயிர் என்றால் ஒன்றாக இருக்க வேண்டாமா? ஆனால் பூஞ்சையைத் தனியே வளர்த்தால் அந்த வடிவம் வருவதில்லை, பாசியைத் தனியே வளர்த்தாலும் வருவதில்லை. லைக்கன் என்பது அவை இரண்டும் சேர்ந்து செய்கிற ஒன்று.

ஆல்ஃப்ரட் நார்த் வைட்ஹெட் இதை அண்டம் முழுமைக்கும் நீட்டினார். 1861-இல் பிறந்தவர், கணிதர், பெர்ட்ரண்ட் ரஸ்ஸலோடு சேர்ந்து கணிதத்தைத் தர்க்கத்தின் மேல் கட்டும் மூன்று பெரும் தொகுதிகளை 1910 முதல் 1913 வரை வெளியிட்டவர், 1924-இல் 63 வயதில் ஹார்வர்டுக்குத் தத்துவம் கற்பிக்கப் போனார். உலகின் கடைசி அலகு துகள் இல்லை, ஒரு சிறு நிகழ்கணம் என்றார். ஒவ்வொரு நிகழ்கணமும் தனக்கு முன் நடந்தவற்றை ஏதோ ஒரு விதத்தில் பற்றி உள்ளே எடுத்துக்கொண்டு, அவற்றை ஒன்றாக்கி, முடிந்து, அடுத்தவை பற்றிக்கொள்ளத் தன்னைத் தருகிறது. அந்தப் பற்றுதலுக்கு ப்ரிஹென்ஷன் என்று ஒரு சொல்லை வைத்தார். நனவோடு அறிவது மட்டும் பற்றுதல் ஆகாது, செடி வெளிச்சத்தைப் பற்றுவதும் அதன் எளிய வடிவம். முதலில் நான், அப்புறம் என் உறவுகள் என்ற வரிசை இங்கே இல்லை, பற்றியவை எல்லாம் சேர்ந்துதான் நான்.

பயிற்சிக்கு, ஒன்றை எடுத்துக்கொண்டு அது எதையெல்லாம் பற்றியிருக்கிறது, எதையெல்லாம் விலக்கியிருக்கிறது என்று இரண்டு பட்டியல் போடுங்கள். இரண்டாவது பட்டியல் முக்கியம், பலரும் அதை மறந்துவிடுகிறார்கள். எல்லாம் எல்லாவற்றோடும் தொடர்புடையது என்று பொதுவாகச் சொல்லிவிட்டால் எதைப் பற்றியும் எதுவும் சொல்லவில்லை என்றுதான் அர்த்தம்.

வரைபடத்தை ஊராக நினைக்கும் பிழை

வரைபடம் ஊராகாது என்று தெரிந்தும் வரைபடத்தின் மேல் வண்டி ஓட்டப் பார்க்கிறோம். சுருக்கமாக எடுத்த ஒரு கருத்தை முழு உண்மையாக எடுத்துக்கொள்ளும் இந்தத் தவறுக்கு வைட்ஹெட் ஒரு பெயரே வைத்தார், திண்மையை இடம் மாற்றி வைக்கும் பிழை என்று சொல்லலாம். மதிப்பெண்ணைக் கல்வி என்று நினைப்பது, மொத்த உற்பத்தி எண்ணை மக்களின் வாழ்வு என்று நினைப்பது, நோயின் பெயரை நோயாளியின் உடலில் நடப்பது என்று நினைப்பது. சுருக்கங்கள் இல்லாமல் அறிவியலே இல்லை, அவர் கணிதர், அவருக்கு அது நன்றாகத் தெரியும். சுருக்கும்போது எதை விட்டோம் என்று குறித்து வைத்துக்கொள்ளுங்கள் என்பதே அவர் கேட்டது. அஸ்தமனத்தின் செம்மை வெறும் மனத் தோற்றம், அலைநீளம் மட்டுமே நிஜம் என்று இயற்கையை இரண்டாக வெட்டுவதையும் அவர் இதே காரணத்துக்காகத்தான் எதிர்த்தார். செம்மையும் இயற்கையில் நடப்பதுதானே.

காட்டை என்ன செய்வது?

இந்தப் பார்வை நடைமுறையில் எதை மாற்றும் என்று கேட்பவர்களிடம் நான் சொல்வது காட்டுத்தீயின் கதையைத்தான். அமெரிக்க வனத்துறை 1935-இல் ஒரு விதி கொண்டுவந்தது: எந்தத் தீ கண்ணில் பட்டாலும் மறுநாள் காலை 10 மணிக்குள் அடக்கிவிட வேண்டும். காடு என்பது மரங்களின் கையிருப்பு, தீ வெளியிலிருந்து வரும் திருடன் என்று நினைத்தால் இது சரியான விதி. நல்லெண்ணத்தோடுதான் போட்டார்கள், உயிரைக் கொடுத்து உழைத்தார்கள்.

ஆனால் பல காடுகளில் தீ காட்டின் ஒரு பகுதி. கலிஃபோர்னியாவின் ராட்சத செக்வாயா மரம் ஆயிரக்கணக்கான ஆண்டு வாழக்கூடியது, அதன் பட்டை தீயைத் தாங்கும் அளவு தடித்தது. அதன் கூம்புகள் தீயின் சூட்டில் காய்ந்து திறந்து விதைகளைக் கொட்டும், சருகு எரிந்து வெறும் மண் தெரிகிற இடத்தில்தான் அந்தச் சின்ன விதை வேர் பிடிக்கும், மேலே கிளைகள் எரிந்து திறந்த இடைவெளி வழியாகத்தான் நாற்றுக்கு வெயில் கிடைக்கும். தீயைத் தடுத்த இடங்களில் முதிய மரங்கள் கம்பீரமாக நின்றன, கீழே நாற்றுகள் இல்லை. சருகும் சிறு மரங்களும் ஆண்டுக்கு ஆண்டு சேர்ந்தன, அடுத்து வரும் தீ தரையோடு போகாமல் உச்சி வரை ஏறும் அளவுக்கு. 1968-இல் தேசியப் பூங்காத் துறையும் 1978-இல் வனத்துறையும் கொள்கையை மாற்றிக்கொண்டன. அந்த நிலங்களின் தொல்குடிகள் தலைமுறை தலைமுறையாகச் சிறு தீ வைத்துக் காட்டைப் பேணி வந்தவர்கள், அவர்களைத் தடுத்துவிட்டுத்தான் இந்தப் பாடத்தை மறுபடி கற்க வேண்டியிருந்தது. அது எனக்கு இன்னும் ஆறாத வருத்தம்.

காட்டைக் காப்பாற்றுவது என்றால் எதைக் காப்பாற்றுவது? இன்றைக்கு நிற்கிற மரங்களையா, மரங்கள் வந்துபோகும் போக்கையா? இரண்டாவதைக் காக்க வேண்டுமென்றால் முதலாவதில் கொஞ்சத்தை விட வேண்டும், எவ்வளவு விடலாம் என்பது ஒவ்வோர் இடத்திலும் கண்டுபிடிக்க வேண்டியது. மணல் கரை, ஆற்றுப்படுகை, பவளப்பாறை, குடலில் வாழும் நுண்ணுயிர்கள் என்று எதை எடுத்தாலும் இதே கேள்வியைப் போடலாம்.

பண்பாட்டிலும் இதே கேள்விதான்

ஜப்பானின் இசே ஆலயத்தை 20 ஆண்டுக்கு ஒருமுறை பக்கத்து மனையில் புது மரத்தால் அப்படியே கட்டி, பழையதைப் பிரித்துவிடுகிறார்கள். கி.பி. 690-இல் தொடங்கி, நடுவில் உள்நாட்டுப் போர்க் காலத்தில் நூறாண்டுக்கு மேல் தடைபட்டு, 2013-இல் 62-ஆவது முறையாகக் கட்டினார்கள். அந்தக் கட்டடத்துக்கு வயது என்ன? மரத்தைக் கேட்டால் சில ஆண்டு. தச்சுக் கலையைக் கேட்டால் ஆயிரத்து முந்நூறு ஆண்டுக்கு மேல். 20 ஆண்டு என்ற இடைவெளியில், இளைஞனாக உதவிக்கு நின்றவர் அடுத்த முறை முதிர்ந்த தச்சராக நின்று கற்றுக்கொடுக்க முடிகிறது. இங்கே பாதுகாக்கப்படுவது கை பழகிய வேலை.

மொழியும் அப்படித்தான். அகராதியில் இருப்பது மொழியின் பதிவு, மொழி பேசுவதில் இருக்கிறது. ஒரு மொழியின் எல்லாச் சொற்களையும் பதிவு செய்து வைத்துவிட்டு, அதில் குழந்தையைக் கொஞ்ச ஆள் இல்லை என்றால் நாம் எதைக் காப்பாற்றினோம்? பதிவு வேண்டாம் என்று சொல்லவில்லை. பதிவு செய்தாயிற்று, வேலை முடிந்தது என்று நினைப்பதைத்தான் சொல்கிறேன்.

சட்டம்கூட இந்தப் பக்கம் மெல்ல அசைகிறது. நியூசிலாந்து 2017-இல் வாங்கனுய் ஆற்றுக்குச் சட்டப்படி ஆளுமைத் தகுதி கொடுத்தது, மலையிலிருந்து கடல் வரை பிரிக்க முடியாத ஓர் உயிருள்ள முழுமை என்று ஏற்று. "நானே ஆறு, ஆறே நான்" என்பது அங்குள்ள மாவோரி மக்களின் வழிவழிச் சொல்.

விழக்கூடிய குழிகள்

குவாண்டம் இயற்பியல் ப்ராசஸ் தத்துவத்தை நிரூபித்துவிட்டது என்று எழுதாதீர்கள். பொருந்திப் போகிறது, அவ்வளவுதான், வேறு விளக்கங்களும் பொருந்துகின்றன. இயற்பியலில் இதற்கு எதிராக நிற்கும் பெரிய கேள்வியும் இருக்கிறது. ஐன்ஸ்டைனின் சார்பியலில் எல்லோருக்கும் பொதுவான "இப்போது" கிடையாது, அப்படியென்றால் நிகழ்ந்துகொண்டிருப்பது என்பதற்கே என்ன அர்த்தம்? 1922 ஏப்ரல் 6 அன்று பாரிஸில் பிரெஞ்சுத் தத்துவவாதி ஆன்ரி பெர்க்சனும் ஐன்ஸ்டைனும் இதைப் பற்றித்தான் மோதிக்கொண்டார்கள். தத்துவவாதிகளின் காலம் என்று தனியாக ஒன்று இல்லை என்றார் ஐன்ஸ்டைன். கடிகாரக் கணக்கில் ஐன்ஸ்டைன் பக்கமே சரி. ஆனால் சர்க்கரை கரையும் வரை காத்திருக்கத்தான் வேண்டும் என்று பெர்க்சன் 1907-இல் சொன்ன அந்தக் காத்திருப்பு எந்தச் சமன்பாட்டில் வருகிறது என்ற கேள்வி இன்னும் தீரவில்லை என்றுதான் நினைக்கிறேன். வைட்ஹெட்டும் அதே 1922-இல் சொந்தமாக ஓர் ஈர்ப்புக் கோட்பாடு வெளியிட்டார், அது அளவீடுகளோடு ஒத்துப்போகவில்லை என்று பிற்பாடு தெரிந்தது. ஒரு தத்துவம் ஆழமாக இருப்பதாலேயே அதன் இயற்பியல் சரியாகிவிடாது.

அப்புறம், ப்ராசஸ் என்றால் முன்னேற்றம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது, புற்றுநோயும் ஒரு ப்ராசஸ்தான். பௌத்தமும் வைட்ஹெட்டும் ஒன்றே என்று சொல்வதும் அவசரம். இருவரும் கணங்களைப் பற்றிப் பேசுகிறார்கள், ஆனால் பௌத்தத்துக்கு அது துன்பத்திலிருந்து விடுபடும் வழி, வைட்ஹெட்டுக்குப் புதுமை எப்படி உலகில் நுழைகிறது என்பதன் விளக்கம், அதில் கடவுளுக்கும் ஓர் இடம் உண்டு.

"நான் மாறிக்கொண்டே இருக்கிறேன், அதனால் போன வருடம் கொடுத்த வாக்கு என்னைக் கட்டுப்படுத்தாது" என்ற வாதம்தான் இருப்பதிலேயே மோசமான குழி. சுடர் உதாரணமே இதற்குப் பதில் சொல்கிறது. சுடர் மாறுவதால் அது காணாமல் போவதில்லை, தொடர்ந்து நடப்பதால் இருக்கிறது. வாக்கைக் காப்பதும் அப்படித் தொடர்ந்து செய்யும் வேலைதான். ஒரு முறை கொடுத்துப் பெட்டியில் பூட்டி வைக்கிற பொருளாக வாக்கை நினைத்தவர்தான் அதை எளிதில் மறப்பார்.

படிக்கத் தொடங்குவது எங்கே

வைட்ஹெட்டின் முதன்மை நூலான ப்ராசஸ் அண்ட் ரியாலிட்டி 1929-இல் வந்தது, எடின்பரோவில் நிகழ்த்திய கிஃபோர்ட் உரைகளிலிருந்து விரிந்தது. அதில் தொடங்காதீர்கள். நான் அதில்தான் தொடங்கினேன், முதல் முப்பது பக்கங்களில் புதுச் சொற்கள் வரிசையாக வந்து மூடிவிட்டன, புத்தகத்தை எடுத்து வைத்துவிட்டு வெகுநாள் கழித்துத்தான் திரும்பினேன். 1925-இல் வந்த சயன்ஸ் அண்ட் த மாடர்ன் வேர்ல்ட் நல்ல வாசல், அறிவியல் வரலாறு தெரிந்த அளவுக்கு அது இனிக்கும். உயிரியல் பக்கம் நாட்டம் உள்ளவர்கள் கான்ராட் வாடிங்டனைத் தேடலாம். 1942-இல் எபிஜெனடிக்ஸ் என்ற சொல்லை உருவாக்கிய கருவியலாளர் அவர், வைட்ஹெட்டின் தாக்கத்தைத் தானே சொன்னவர். மனம் பற்றி வேண்டுமென்றால் வில்லியம் ஜேம்ஸ் 1890-இல் எழுதிய உளவியல் நூலில் எண்ண ஓட்டம் பற்றிய அத்தியாயம் ஒன்று போதும். எண்ணம் தொடர்வண்டிப் பெட்டிகள் போலக் கோத்தது இல்லை, அது ஓடுகிறது என்று அவர் காட்டும் விதம் இன்றைக்கும் புதுசாக இருக்கிறது.

இவற்றில் ஒன்றிரண்டைப் படித்துவிட்டு, சுடர், பத்துப் பெயர்கள், மூன்று கடிகாரங்கள், இரண்டு பட்டியல்கள் எல்லாவற்றையும் ஒரு மாதம் செய்தபின் அந்தப் பெரிய நூலுக்குப் போங்கள். "பல ஒன்றாகின்றன, அதனால் ஒன்று கூடுகிறது" என்று அதில் ஒரு வரி வரும். சிதறிக் கிடக்கும் பலவற்றை ஒரு நிகழ்கணம் தனக்குள் ஒன்றாக்குகிறது, ஆக்கியதும் அந்தப் புதிய ஒன்றும் பலவற்றோடு சேர்ந்து எண்ணிக்கையில் ஒன்று ஏறிவிடுகிறது, அதை அடுத்தது பற்றிக்கொள்ள வேண்டும். அந்த வரியில் நின்று, நீங்கள் குறித்து வைத்த நாற்காலி, எண் ஏழு, தங்கம் மூன்றையும் ஒவ்வொன்றாக அதில் போட்டுப் பாருங்கள். தங்கம் நுழைந்துவிடும், நாற்காலி கொஞ்சம் தகராறு செய்யும். ஏழு நுழையாது. அது எப்போதும் மாறாத ஒன்று என்பதை வைட்ஹெட்டும் ஒப்புக்கொண்டு, நிகழ்வதற்குள் வந்து இடம்பெறக் காத்திருக்கும் நித்திய வடிவங்கள் என்று தனி வகை வைத்தார். அந்த இடம் அவருடைய அமைப்பில் பலம்தானா, விரிசலா என்று இன்றும் சண்டை நடக்கிறது. அங்கே வந்துவிட்டீர்கள் என்றால் நீங்களும் அந்தச் சண்டையில் ஒரு பக்கம் எடுக்கலாம்.